உடைந்த ஷாஃப்டின் முகம்: டிராக் பந்தயம் (drag race) ஓடிய காரை வாங்கிய அனுபவம்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து லிந்தாங் செல்லும் சாலையில், செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே, ஒரு சனிக்கிழமை மாலை என்னுடைய சத்ரியா ஜி.டி.ஐ. கார் நின்றுபோனது. நான் வேகமாகப் போகவில்லை. முன்னால் குலை ஏற்றிய லோரி ஒன்று தோட்டத்துப் பாதைக்குள் திரும்புவதற்காக நின்றிருந்தது. அது விலகியதும் முதல் கியரில் கிளட்சை விட்டேன். அடியிலிருந்து ‘டக்’ என்று ஒரே ஒரு சத்தம் வந்தது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, கியரும் விழுந்தது, கார் மட்டும் நகரவில்லை. அந்தக் காரை வாங்கி அப்போது பதினோரு வாரங்கள்தான் ஆகியிருந்தன.

நான் செம்பனை எண்ணெய் ஆலையில் பிட்டராக வேலை செய்கிறேன். எங்கள் ஆலையில் ஒரு ஷாஃப்ட் முறிந்தால், புதியதை மாட்டுவதற்கு முன் முறிந்த முகத்தைத் துடைத்து வெளிச்சத்தில் பார்க்க வேண்டும் என்பது எனக்கு வேலை கற்றுக்கொடுத்த பெரியவரின் பழக்கம். அது எனக்கும் ஒட்டிக்கொண்டது. மறுநாள் காலை வீட்டுக் கொல்லையில் காரை ஜாக்கியில் தூக்கி, கியர் பாக்ஸிலிருந்து சக்கரத்துக்குச் சக்தியைக் கொண்டுபோகும் இடப்பக்க டிரைவ் ஷாஃப்டைக் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவிப் பார்த்தேன். முறிந்த முகத்தின் ஏறக்குறைய பாதி கறுத்து வழவழப்பாக இருந்தது. ஆற்றில் நீர் வற்ற வற்ற மணலில் விட்டுச் செல்லும் வரிகளைப் போல, வளைகோடுகள் அதில் ஒன்றன்பின் ஒன்றாகத் தெரிந்தன. மீதிப் பாதி, உடைத்த கற்கண்டைப் போலச் சொரசொரப்பாகப் பளிச்சிட்டது. பளிச்சிட்ட பகுதி முந்தைய நாள் மாலை முறிந்தது. கறுத்த பகுதி பல மாதங்களாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிளந்து, கிரீசும் அழுக்கும் ஏறிப் போனது. நான் பணத்தை எண்ணிக் கொடுத்த நாளிலேயே அந்த ஷாஃப்ட் பாதி அறுந்துதான் இருந்திருக்கிறது.

விற்றவர் வேறு மாநிலத்தைச் சேர்ந்தவர். “ரேஸ் எல்லாம் ஓட்டுனது இல்லண்ணே, சனி ஞாயிறு மட்டும்தான் எடுப்பேன்” என்று அவர் சொன்னதை நான் அப்படியே ஏற்றுக்கொண்டேன். பிறகு யோசித்துப் பார்த்தபோது, அவருடைய பதிலைவிட என்னுடைய கேள்விதான் பெரிய தவறு என்று எனக்குப் பட்டது. பந்தயம் ஓட்டினீர்களா என்று கேட்டால், காரை விற்க நினைக்கும் யாரும் இல்லையென்றுதான் சொல்வார்கள். கிளட்ச் கடைசியாக எப்போது மாற்றினீர்கள், கழற்றிய தட்டு எப்படி இருந்தது, கியர் பாக்ஸை யார் திறந்தார்கள், எந்தப் பக்க ஷாஃப்ட் புதியது என்று ஒவ்வொன்றாகக் கேட்டிருந்தால், காரின் கதை தானாக வெளியே வந்திருக்கும்; வராவிட்டாலும், அவர் தடுமாறும் இடம் எனக்குத் தெரிந்திருக்கும். டிராக், அதாவது நின்ற நிலையிலிருந்து நேர்த்தடத்தில் கால் மைல் பாயும் பந்தயம், ஓடியது என்ற ஒரே காரணத்திற்காக ஒரு காரை ஒதுக்க வேண்டியதில்லை என்று நான் இன்றும் உறுதியாக நம்புகிறேன். ஓடியதை மறைத்து விற்கப்படும் காரை எந்த விலைக்கும் வாங்கக் கூடாது.

சத்ரியா ஜி.டி.ஐ. மீது எனக்கிருந்த ஆசை பள்ளிக்கூட நாளிலிருந்து வந்தது. நம் நாட்டுப் புரோட்டோன் நிறுவனம் 1996-இல் பிரிட்டிஷ் கார் நிறுவனமான லோட்டஸின் பெரும்பங்கை வாங்கிய பிறகு, லோட்டஸ் பொறியாளர்கள் சஸ்பென்ஷனைச் சீரமைத்துக் கொடுத்த கார் அது. மூன்று கதவுகள், 1.8 லிட்டர் இரட்டைக் கேம் 4ஜி93 எஞ்சின், ஏறக்குறைய 140 குதிரைத்திறன், ஐந்து கியர், ரெக்காரோ இருக்கைகள் என்று எல்லாமே எங்களை மயக்கின. தோட்டத்துக் கிராணியின் மகன் கோயில் திருவிழாவுக்கு ஒருநாள் அந்தக் காரில் வந்து இறங்கியபோது, லயத்துப் பிள்ளைகள் அத்தனை பேரும் தேரை விட்டுவிட்டுக் காரைச் சுற்றி நின்றோம்.

அதே எஞ்சின் குடும்பத்தில் டர்போ வகையும், அதாவது காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் திணித்துப் பலத்தைக் கூட்டும் வகையும், உண்டு. ஜப்பானில் விற்ற மிட்சுபிஷி லான்சர் ஜி.எஸ்.ஆர். காரில் அது வந்தது. ஜப்பானிலிருந்து வெட்டி வரும் பழைய கார்ப் பாகங்களை விற்கும் நம் நாட்டு ஹாஃப்-கட் கடைகளில் அந்த எஞ்சினை வாங்கி புரோட்டோன் காரில் மாட்டுவது அதிகச் சிரமமில்லாத வேலை என்பதால், புரோட்டோனின் சத்ரியாவும் விராவும் புத்ராவும் டிராக் ஓட்டுபவர்களின் பிரியத்துக்குரிய கார்களாயின. என் காரின் சொந்த எஞ்சினும் அப்படி டர்போவுக்காகக் கழற்றி மூலையில் வைக்கப்பட்டு, விற்கும் நேரத்தில் மீண்டும் ஏற்றப்பட்டிருக்கிறது. எஞ்சின் எண் கிராண்டில் (வாகனப் பதிவுச் சான்றில்) உள்ள எண்ணோடு பொருந்தியதால் பெயர் மாற்றச் சோதனையில் எந்தத் தடையும் வரவில்லை. கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் எழும் அழுத்தம், பார்த்தேன்; நான்கு சிலிண்டரும் 180 psi-ஐ ஒட்டி நின்றன. உண்மையில் அந்த எஞ்சின் அதிகம் உழைக்காத எஞ்சின். டர்போ கொடுத்த அடியெல்லாம் கியர் பாக்ஸிலும் ஷாஃப்டிலும் காரின் உடம்பிலும்தான் தங்கியிருந்தது. அங்கே நான் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

டிராக் ஒரு காருக்கு என்ன செய்கிறது என்பதை என் வேலையை வைத்தே சொல்கிறேன். ஆலையில் பழத்தைப் பிழியும் ஸ்க்ரூ பிரஸ் நாள் முழுக்கச் சீராக ஓடினால், அதன் கியர் பாக்ஸ் பல ஆண்டுகள் தாங்கும். உள்ளே பழம் நிறைந்து இறுகிக் கிடக்கும்போது நின்றுபோன பிரஸ்ஸைச் சுத்தம் செய்யாமல் அப்படியே மறுபடி மறுபடி தட்டிவிட்டால், கப்ளிங்கும் ஷாஃப்டும் சீக்கிரமே போய்விடும். டிராக் தொடக்கமும் இதே கணக்குதான். எஞ்சினை 5,000, 6,000 சுற்றில் வைத்துக்கொண்டு கிளட்சைப் பட்டென்று விடும்போது, எஞ்சினின் முறுக்குவிசையோடு, சுழன்றுகொண்டிருக்கும் ஃபிளைவீலில் சேர்ந்திருந்த சக்தியும் ஒரு நொடியின் சிறு பகுதிக்குள் கியர் பற்களின் மீதும் ஷாஃப்டின் வரிப்பற்களின் மீதும் போய் மோதுகிறது. டயர் வழுக்கினால் அந்த அடி சற்றுக் குறையும். சூடாக்கிய ஸ்லிக் டயர் (வரிப்பள்ளம் இல்லாத பந்தய டயர்) தரையைக் கவ்விக்கொண்டால், வழுக்க இடமில்லாமல் முழு அடியும் உலோகத்தின் மேல் இறங்கும். சக்கரம் பிடித்தும் விட்டும் துள்ளத் தொடங்கினால், அது சுத்தியலால் தொடர்ந்து அடிப்பதற்குச் சமம்.

இந்தச் சேதத்தை மீட்டர் காட்டவே காட்டாது. ஒரு ஓட்டம் கால் மைல், அதாவது 402 மீட்டர். ஒரு கார் 200 முறை ஓடியிருந்தாலும் மொத்தத் தூரம் சுமார் 80 கிலோமீட்டர்தான். சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போவுக்கு இரண்டு முறை போய்த் திரும்பும் தூரம்கூட இல்லை. கார் ஆண்டுக் கணக்கில் நின்றே கிடந்தது, குறைவாகத்தான் ஓடியிருக்கிறது என்று மீட்டரைப் பார்த்து நான் மகிழ்ந்திருந்தேன்.

ஷாஃப்டைக் கழற்றிய அன்று, முன்சக்கர வளைவின் உட்புறத்தைக் கையால் தடவினேன். எங்கள் பகுதிச் செம்மண் காய்ந்து ஒட்டியிருந்த அடுக்குக்குக் கீழே, எள்ளளவிலும் மிளகளவிலுமாகக் கறுப்பு ரப்பர் உருகி உறைந்திருந்தது. நகத்தால் சுரண்டினால் வரவில்லை. கத்தியால் சீவ வேண்டியிருந்தது. சாதாரண ஓட்டத்தில் டயர் தூளாகத் தேயுமே தவிர இப்படி உருகித் தெறிக்காது. தொடங்குவதற்கு முன் சக்கரத்தை நின்ற இடத்திலேயே சுழற்றிப் புகை வரச் சூடாக்கும் காரில்தான் இப்படி இருக்கும். முன்சக்கரத்தால் ஓடும் காரில் இந்தத் துளிகளை முன்வளைவிலும், பின்சக்கரத்தால் ஓடும் காரில் பின்வளைவிலும் தேட வேண்டும். காரைக் கழுவி மெழுகு போட்டு நிறுத்துகிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தை மறந்துவிடுகிறார்கள்.

பிறகு தரைவிரிப்பைத் தூக்கினேன். தொழிற்சாலையில் ஒட்டி அனுப்பும் ஒலித்தடுப்புத் தார்ப் பட்டைகள் எடை குறைப்பதற்காகச் சுரண்டி எடுக்கப்பட்டிருந்தன. அப்போதுதான் எனக்கு ஒன்று விளங்கியது. வாங்கிய முதல் வாரத்தில் மாலை மழையில் ஓட்டி வந்தபோது, ஆலையின் தகரக் கூரைக்குக் கீழே நிற்பதுபோல் காருக்குள் இரைச்சல் இருந்தது. பழைய கார் அல்லவா, அப்படித்தான் இருக்கும் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். முன்னிருக்கைகளுக்குப் பின்னால் தரையின் இரு பக்கங்களிலும் நான்கு நான்கு துளைகள் சதுரமாக இடப்பட்டு, சீலன்ட் அடைத்துக் கறுப்புச் சாயம் பூசப்பட்டிருந்தன. கார் கவிழ்ந்தால் ஓட்டுநரைக் காக்கும் இரும்புக் கூண்டான ரோல் கேஜின் அடித்தகடு அங்கே உட்கார்ந்திருக்கிறது. பேட்டரி ஒரு காலத்தில் பின்பெட்டியில் இருந்ததற்கு, தரை ஓரமாகக் கனமான ஒயர் ஓடிய தடம் சாட்சி சொன்னது. எஞ்சின் மவுண்டுகளில் இரண்டு கட்டி ரப்பர், இரண்டு சாதாரண ரப்பர். இவை ஒவ்வொன்றும் ஐந்து நிமிடத்தில் பார்க்கக்கூடியவை. நானோ வாங்கும் நாளில் அந்த நேரத்தையெல்லாம் ரெக்காரோ இருக்கையில் உட்கார்ந்து பார்ப்பதில் செலவழித்தேன்.

ஈப்போவில் கியர் பாக்ஸ் மட்டுமே பார்க்கும் மூத்த போர்மன் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் பெட்டியைப் பிரித்து, மூன்றாவது கியரை என் கையில் கொடுத்து, “தம்பி, இது ரோட்ல ஓடித் தேஞ்ச கியர் இல்ல, அடி வாங்குன கியர். பல்லு ஒரு பக்கம் மட்டும் எப்படி ஆயிருக்குன்னு பாரு” என்றார். எஞ்சின் தள்ளும் பக்கத்தில் மட்டும் பற்களின் மேற்பரப்பு சிறு சிறு குழிகளாகப் பெயர்ந்திருந்தது. மறுபக்கம் புதிதுபோல் இருந்தது. இரு சக்கரங்களுக்கும் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபெரன்ஷியலுக்குள் சிறு கியர்களைத் தாங்கும் குறுக்குப் பின் நீலம் பாய்ந்து கீறல் விழுந்திருந்தது. ஒரு சக்கரம் மட்டும் வழுக்கிச் சுழலும்போது அந்தப் பின்னைச் சுற்றியுள்ள கியர்கள் மிக வேகமாகச் சுழல்வதால் எண்ணெய் வறண்டு சூடேறும். அந்தப் பின் வெளியே வந்திருந்தால் கியர் பாக்ஸ் உறையையே உடைத்திருக்கும். காருக்கு நான் கொடுத்தது 26,000 வெள்ளி (ரிங்கிட்). ஷாஃப்ட், கியர், டிஃபெரன்ஷியல், கிளட்ச், மவுண்ட் எல்லாம் சேர்த்துப் பழுதுபார்க்க ஆனது 7,300 வெள்ளி. என் மனைவி சீட்டுக் கட்டிச் சேர்த்திருந்த பணமும் அதில் போனது. அவர் ஒரு வார்த்தைகூடக் கடிந்து பேசவில்லை. அதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

அதன் பிறகு நண்பர்களுக்காகவும் உறவினர்களுக்காகவும் இப்படிப்பட்ட கார்கள் பலவற்றைப் பார்க்கப் போயிருக்கிறேன். நான் பார்க்கும் முறையைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

நான் வந்து சேரும்வரை எஞ்சினைத் தொட வேண்டாம் என்று முதலிலேயே கேட்டுக்கொள்வேன். போனதும் ரேடியேட்டர் குழாயைக் கையால் பிடித்துப் பார்ப்பேன். சூடாக இருந்தால், எஞ்சின் குளிர்ந்த நிலையில் எழுப்பும் தட்டல் சத்தத்தையோ புகையையோ மறைக்க முயன்றிருக்கலாம் என்று எடுத்துக்கொண்டு, இன்னொரு நாள் வருகிறேன் என்று திரும்பிவிடுவேன். அடுத்து ஸ்பார்க் பிளக்குகள். நான்கையும் கழற்றி வரிசையாக வைத்து, வெள்ளைப் பீங்கான் பகுதியை உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்க்க வேண்டும். அதில் மிளகுத்தூள் தூவியதுபோல் கரும்புள்ளியோ மினுமினுக்கும் அலுமினியத் துகளோ தெரிந்தால், அந்தச் சிலிண்டரில் கட்டுப்பாடின்றி எரிபொருள் வெடித்து, பிஸ்டனின் மேற்பரப்பு தின்னப்பட்டிருக்கிறது. விற்பவர் புதிய பிளக் போட்டிருந்தால் பழையவை எங்கே என்று கேட்பேன்.

கம்ப்ரஷன் பார்க்கும்போது எல்லாப் பிளக்கையும் கழற்றி, எரிபொருளையும் தீப்பொறியையும் துண்டித்து, திராட்டிலை முழுமையாகத் திறந்து வைத்துச் சுற்ற வேண்டும். இல்லாவிட்டால் எண்கள் பொய் சொல்லும். தனியொரு எண்ணைவிட நான்குக்கும் இடையிலான வித்தியாசம் முக்கியம். பத்து விழுக்காட்டுக்கு மேல் போனால் யோசிக்க வேண்டும். நாங்கள் பார்த்த ஒரு காரில் மூன்று சிலிண்டர் 170-ஐத் தாண்டின. ஒன்று மட்டும் 135-இல் நின்றது. அந்தச் சிலிண்டரில் ஒரு கரண்டி எண்ணெய் விட்டு மறுபடி சுற்றியபோது 160-க்கு ஏறியது. எண்ணெய் விட்டதும் ஏறினால் ரிங் அல்லது பிஸ்டனின் ரிங் பள்ளம் போயிருக்கிறது. ஏறாவிட்டால் வால்வையோ கேஸ்கெட்டையோ சந்தேகிக்க வேண்டும். டர்போவின் காற்றழுத்தத்தைக் கூட்டி ஓட்டிய கார்களில் ரிங் பள்ளத்தின் விளிம்பு உடைவது வழக்கமான சேதம். அந்தக் காரை நாங்கள் வாங்கவில்லை.

பலரும் செய்யாத, எனக்கு மிகவும் பிடித்த சோதனை எண்ணெய் வடிகட்டியை அறுத்துப் பார்ப்பது. புதிய வடிகட்டிக்கும் எண்ணெய்க்கும் நானே பணம் கொடுத்துவிடுவேன். நல்ல மனதோடு விற்பவர் மறுப்பதில்லை. பழைய வடிகட்டியின் உறையைக் குழாய் வெட்டும் கருவியால் சுற்றி வெட்ட வேண்டும். இரும்பு ரம்பத்தால் அறுத்தால் அறுத்த தூளே உள்ளே விழுந்து குழப்பும். உள்ளே மடிப்பு மடிப்பாக இருக்கும் காகிதத்தை வெட்டி எடுத்து, பெட்ரோலில் அலசி, வெள்ளைத் தாளில் உலர்த்தினால், எஞ்சினுக்குள் எது தேய்கிறது என்பது வெயிலில் தெரியும். காந்தத்தில் ஒட்டுவது எஃகுத் துகள். ஒட்டாமல் வெள்ளியாக மின்னுவது பிஸ்டனின் அலுமினியமாகவோ பேரிங்கின் மேற்பூச்சாகவோ இருக்கலாம். செம்பு நிறம் தெரிந்தால் பேரிங்கின் உள்ளடுக்குவரை தேய்ந்துவிட்டது என்று பொருள். அதற்குமேல் பேச வேண்டியதில்லை.

கியர் பாக்ஸ் எண்ணெயையும் இதேபோல் ஒரு வெள்ளைத் தட்டில் வடித்துப் பார்க்க வேண்டும். எண்ணெய் வடிக்கும் நட்டின் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை இருந்தால் அது இயல்பான தேய்மானம். உருவமுள்ள துண்டு, அதாவது விரலால் எடுத்து இது ஒரு மூலை, இது ஒரு விளிம்பு என்று சொல்லக்கூடிய சில்லு இருந்தால், எங்கோ ஒரு பல் உடைந்திருக்கிறது. ஓட்டிப் பார்க்கும்போது இரண்டிலிருந்து மூன்றுக்கு வேகமாக மாற்றினால் உராயும் சத்தம் வருகிறதா, முடுக்கி சட்டென்று காலை எடுத்தால் கியர் தானாகக் கழன்று விழுகிறதா என்று கவனிப்பேன். காலியான இடத்தில் ஸ்டியரிங்கை முழுவதும் ஒடித்து மெதுவாக வட்டமடிக்கும்போது ‘டக்டக்’ என்று கேட்டால் ஷாஃப்டின் மூட்டு போயிருக்கிறது. இரண்டு ஷாஃப்டில் ஒன்று துருவேறிப் பழையதாகவும் மற்றொன்று புதிதாகவும் இருந்தால், புதியது ஏன் வந்தது என்பது நல்ல கேள்வி. கிளட்ச் விட்டதும் கார் குதித்துக் குதித்து நகர்ந்தால், ஸ்பிரிங் இல்லாத பந்தயத் தட்டு உள்ளே இருக்கக்கூடும். அது அடியை உறிஞ்சாமல் அப்படியே கியருக்கு அனுப்பும்.

தாள்களைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் இதில் ஏமாந்தவர்கள் எஞ்சினில் ஏமாந்தவர்களைவிட அதிகமாகத் தவிப்பதைப் பார்த்திருக்கிறேன். எஞ்சினை மாற்றினால் சாலைப் போக்குவரத்து இலாகாவின் அனுமதி பெற்று, புதிய எண்ணைக் கிராண்டில் பதிந்திருக்க வேண்டும். பதியாமல் டர்போ எஞ்சின் ஓடும் காரைப் பெயர் மாற்றத்துக்குக் கொண்டுபோனால், வாகனச் சோதனை நிறுவனமான புஸ்பாகோமின் சோதனையில் எஞ்சின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் பார்க்கப்படும்போது அது அங்கேயே நின்றுவிடும். பணத்தைக் கொடுத்தவர் கையில் கார் இருக்கும், பெயர் இருக்காது. அதனால் சோதனையில் தேறிய தாளைப் பார்க்காமல் முன்பணத்துக்கு மேல் கொடுக்கக் கூடாது. சேஸிஸ் எண் பொறித்த தகட்டைச் சுற்றி வெல்டிங் தழும்பு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்க வேண்டும். வெட்டி ஒட்டிய கார்கள் நம் நாட்டில் உண்டு. வங்கிக் கடன் பாக்கி, கட்டாத சம்மன் ஆகியவற்றையும் முன்பே விசாரித்துவிட வேண்டும். காப்புறுதி நிறுவனத்திடம் காரில் செய்த மாற்றங்களை மறைக்காமல் சொல்வதே நல்லது. சாதாரண மோட்டார் காப்புறுதி, பந்தயத்திலோ வேகச் சோதனையிலோ நேரும் சேதத்துக்குப் பொறுப்பேற்பதில்லை என்பதையும் வாங்குகிறவர் தெரிந்திருக்க வேண்டும்.

இவ்வளவும் கற்ற பிறகுதான் என் சித்தப்பா மகன் ஒருநாள் வந்து, “அண்ணே, புத்ரா ஒண்ணு இருக்கு, டர்போ. ஆனா 402 ஓடுன காடின்னு அவரே சொல்றாரு. பாக்கலாமா?” என்று கேட்டான். அவரே சொல்கிறார் என்ற அந்த ஒரு வார்த்தைக்காகவே போகலாம் என்றேன்.

தைப்பிங் பக்கம் ஒரு கம்பத்தில், அதாவது கிராமத்தில், வீடு. காரின் உரிமையாளர் எங்களை உட்கார வைத்துவிட்டு, உள்ளே போய் ஒரு பெரிய மைலோ டப்பாவைக் கொண்டுவந்து மேசைமேல் கவிழ்த்தார். தடத்தில் ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் கொடுக்கும் நேரச் சீட்டுகள், மொத்தம் 46. அவற்றோடு பட்டறை ரசீதுகள், நாளிதழில் சுற்றிய ஒரு உடைந்த மூன்றாவது கியர். “இது போனப்ப முழு செட்டும் மாத்திட்டேன். அதுக்கப்புறம் ஓடுனது இந்தப் பதினாலு தடவதான்” என்று சீட்டுகளைத் தனியே பிரித்து வைத்தார்.

நேரச் சீட்டைப் படிக்கத் தெரிந்தால் அது காரின் மருத்துவக் குறிப்பேடு போன்றது. முடிவில் வரும் மொத்த நேரத்தைப் பார்த்து வியக்கிறவர்கள் பலர். நான் முதல் 60 அடியைக் கடக்க எடுத்த நேரத்தைப் பார்ப்பேன். முன்சக்கரத்தால் ஓடும் கார் சாதாரணச் சாலை டயரில் அந்த 60 அடியை 2.2 அல்லது 2.3 நொடியில் கடந்தால், டயர் வழுக்கி அடியைத் தணித்திருக்கிறது. 1.8 நொடிக்குக் கீழே போனால், ஸ்லிக் டயர் போட்டு முழு அடியும் ஷாஃப்டும் கியரும் வாங்கியிருக்கின்றன. கடைசியில் கோட்டைக் கடக்கும் வேகம் எஞ்சினின் பலத்தைச் சொல்லும். அதை நாள் வரிசையில் அடுக்கிப் பார்க்க வேண்டும். வேறு எதுவும் மாறாமலிருக்க, வேகம் மாதத்துக்கு மாதம் குறைந்துகொண்டே வந்தால் எஞ்சின் தளர்கிறது. இந்தப் புத்ராவின் சீட்டுகளில் 60 அடி நேரம் ஏறக்குறைய எல்லாவற்றிலும் 2.2-க்கு மேல் இருந்தது. கடைசிப் பதினான்கிலும் கோட்டைக் கடந்த வேகம் ஏறத்தாழ ஒரே அளவில் நின்றது. எஞ்சின் எண் கிராண்டில் முறையாகப் பதிந்திருந்தது. கம்ப்ரஷனில் நான்கும் ஒட்டி வந்தன. டர்போவின் அச்சைப் பிடித்து உள்ளும் வெளியும் இழுத்துப் பார்த்தேன்; அந்தத் திசையில் அசைவே இல்லை. முன்சக்கர வளைவில் ரப்பர் துளிகள் இருந்தன. அவை இருக்கும் என்று எங்களுக்கு முன்பே சொல்லப்பட்டிருந்ததால், அவற்றைப் பார்த்து நான் கலங்கவில்லை.

22,000 கேட்டார், 19,500 வெள்ளிக்கு முடிந்தது. விலையைக் குறைத்த ஒவ்வொரு நூறுக்கும் ஒரு காரணத்தை நாங்கள் காட்டினோம்: இரண்டு ஷாஃப்டும் மாற்ற வேண்டும், பந்தயக் கிளட்சை எடுத்துவிட்டு ஸ்பிரிங் உள்ள சாதாரணத் தட்டு போட வேண்டும், டைமிங் பெல்ட், பிரேக் குழாய்கள். அவரும் மறுத்துப் பேசவில்லை. வாங்கும் பணத்துக்கு மேல் ஐந்தில் ஒரு பங்கைத் தனியே எடுத்து வைக்காமல் இப்படிப்பட்ட காரை வாங்கக் கூடாது என்று தம்பியிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். அவன் 4,000 வெள்ளியை ஒதுக்கி வைத்திருந்தான், அதில் 3,600 முதல் மாதத்திலேயே செலவானது. டர்போவின் காற்றழுத்தத்தையும் குறைத்து, அதற்கேற்ப எஞ்சினின் கணினியைச் சரிசெய்தோம். தினமும் வேலைக்குப் போய்வரும் காருக்கு அந்த அளவே தாராளம்.

1,000 கிலோமீட்டர் ஓடியதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை காரை என் வீட்டுக்குக் கொண்டுவந்தான். கொல்லையில் அதே இடத்தில் ஜாக்கி போட்டுத் தூக்கி, கியர் பாக்ஸ் எண்ணெயை வெள்ளைத் தட்டில் வடித்தோம். தம்பி நட்டைத் துடைக்கப் போனான். அவன் கையைத் தடுத்து, முதலில் வெயிலில் காட்டச் சொன்னேன். காந்தத்தின் முனையில் மெல்லிய சாம்பல் நிறப் பசை. விரலில் தேய்த்துப் பார்த்தேன், மையைப் போல வழுக்கியது; எதுவும் குத்தவில்லை. துடைத்துக் கொடுத்தேன். அவன் புதிய வாஷரைப் போட்டு நட்டை முறுக்கினான்.